ஏற்காட்டுச் சரிவில் ஒரு வீடு: ஆட்டோகேடா, ரெவிட்டா, இரண்டுமா?

சமதளத்தில் வீடு வரைகிறவருக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. அஸ்தம்பட்டியிலோ சீலநாயக்கன்பட்டியிலோ 30-க்கு 40 அடி மனை என்றால் ஒரு பிளான் (மேலிருந்து பார்க்கும் படம்), ஒரு செக்‌ஷன் (வெட்டுத் தோற்றம்), இரண்டு எலிவேஷன் (வெளிச்சுவரின் நேர்த் தோற்றம்) போதும். மீதியை மேஸ்திரி பார்த்துக்கொள்வார். நான்கு பேர் வேலை செய்யும் எங்கள் சேலம் அலுவலகத்தில் பல ஆண்டுகள் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு அப்படித்தான் ஓட்டினோம். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குள் வீடு கட்டும் வேலை வந்தது. அன்றைக்குத்தான் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

பாதையை ஒட்டிய மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை 18 மீட்டர் தூரத்தில் நிலம் ஐந்தரை மீட்டர் இறங்குகிறது. நடுவில் ஒரு பாறை. சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள். ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. நல்ல நிபந்தனை. ஆனால் அதனால் வீடு ஒரே மட்டத்தில் உட்கார முடியாது. மூன்று மட்டங்களாகப் படியிறங்கித்தான் போக வேண்டும்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முழுவதையும் ஆட்டோகேடில் வரைவது, முழுவதையும் ரெவிட் என்ற மென்பொருளில் முப்பரிமாண மாதிரியாகக் கட்டுவது, அல்லது மாதிரியை ரெவிட்டிலும் நுணுக்கப் படங்களை ஆட்டோகேடிலும் வைத்து இரண்டையும் கோர்ப்பது. மூன்றையும் ஏதோ ஓர் அளவில் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டோகேட் 1982-இல் வந்தது. வரைபலகையைத் திரைக்குக் கொண்டுவந்த மென்பொருள் அது. அதன் பலமும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன: அதற்குக் கோடு கோடுதான். சுவர் என்று நாம் நினைப்பது அதற்கு இரண்டு இணைகோடுகள். அந்தச் சுவரின் உயரம் அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. ரெவிட் 2000-இல் வேறொரு சிறு நிறுவனத்தில் பிறந்தது. 2002-இல்தான் ஆட்டோகேடை உருவாக்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. ஒரே வீட்டில் வளர்ந்தாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. இரண்டையும் சேர்த்து வேலை வாங்கும்போது வருகிற உரசல்களில் பாதிக்கு இதுவே காரணம். ரெவிட்டில் சுவர் என்றால் சுவர்தான். எந்த மட்டத்தில் தொடங்கி எந்த மட்டத்தில் முடிகிறது, எத்தனை அடுக்கு, எந்த ஜன்னல் அதில் உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. பிளான், செக்‌ஷன், எலிவேஷன் மூன்றும் அந்த ஒரே மாதிரியைப் பார்க்கும் மூன்று பார்வைகள்.

இந்த வேறுபாடு சரிவில் எப்படித் தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம். படங்கள் முக்கால்வாசி முடிந்த நிலையில், கூடத்தை இன்னும் 45 சென்டிமீட்டர் கீழே இறக்க முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். உட்கார்ந்தபடியே பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமாம். கேட்டது நியாயம்தான். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால், மேல் மட்டத்திலிருந்து இறங்கும் படிக்கட்டில் மூன்று படிகள் கூடும். மிதி அகலம் 30 சென்டிமீட்டர் என்றால் படிக்கட்டு 90 சென்டிமீட்டர் நீளும். நடைவழி குறுகும். தடுப்புச் சுவரின் உயரம் மாறும். மழைநீர் வடிகாலின் மட்டம் மாறும். கூரை விளிம்பு ஜன்னலோடு மோதுமா என்று பார்க்க வேண்டும். ஆட்டோகேடில் இது ஒன்பது தாள்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் எதை மாற்ற வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை. ஒன்றை மறந்தால் மென்பொருள் எச்சரிக்காது. ரெவிட்டில் மட்டத்தின் எண்ணை மாற்றினோம். செக்‌ஷன்கள் அத்தனையும் மாறின. கூடுதல் படிகளைச் சேர்த்த உடனே படிக்கட்டு நடைவழிக்குள் நீண்டிருப்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அன்று மாலையே, சமையலறைச் சுவரை நகர்த்தாமல் இது நடக்காது என்று வீட்டுக்காரரிடம் சொல்ல முடிந்தது.

மலையில் பிழையின் விலை அதிகம். சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர்தான் என்றாலும் இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 12 மீட்டர் முறுக்குக் கம்பியை மடித்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். ஒரு லோடு தவறான அளவில் போய்ச் சேர்ந்தால் அந்த நாள் போயிற்று. அதனால் உயரம் சம்பந்தப்பட்ட எதையும் மாதிரியில்தான் வைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் முழுவதையும் ரெவிட்டிலேயே செய்துவிடலாமே?

செய்யலாம். ஆனால் கருங்கல் தடுப்புச் சுவரின் நீர்க்கசிவுத் துளையை எடுத்துக்கொள்ளுங்கள். துளைக்குப் பின்னால் ஜல்லி நிரப்பும் விதம், குழாயின் சரிவு, சுவரின் பின்புறச் சாய்வு, இவை 1:10 அளவில் ஒரு தாளில் தெளிவாக வர வேண்டும். இதற்காகக் கல் கல்லாக மாதிரி கட்டுவது வீண் உழைப்பு. ரெவிட்டிலும் கடைசியில் வெறும் கோடுகளால்தான் வரையப் போகிறோம். அந்த வேலையை ஆட்டோகேட் இரண்டு மடங்கு வேகத்தில் செய்கிறது. சன்ஷேடு விளிம்பு, ஓட்டுக் கூரையின் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர் மூடுகல் என்று பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த நுணுக்கப் படங்கள் எங்களிடம் இருக்கின்றன. தளத்தில் கட்டிப் பார்த்து, ஒழுகிய இடத்தைத் திருத்தித் திருத்தி வந்தவை அவை. மென்பொருள் மாறியதற்காக அவற்றைத் தூக்கிப் போட நான் தயாராக இல்லை.

அடுத்தது ஆட்கள். எங்கள் கட்டமைப்புப் பொறியாளர் ஆட்டோகேட் கோப்பு மட்டுமே தருவார், வாங்குவார். ஐ.டி.ஐ.-யில் டிராஃப்ட்ஸ்மேன் பயிற்சி முடித்து வருகிற பிள்ளைகளின் கை அதில்தான் ஓடும். அனுமதிக்குப் போகும் படமும் அப்படியே. புலப்படத்தில் (நிலத்தின் அரசு அளவைப் படம்) இருக்கிற ஜி-லைனையும் (அளவைக்கு ஆதாரமான கோடு) ஆஃப்செட்டையும் (அதிலிருந்து செங்குத்தாக எடுத்த தூரம்) வைத்து மனையின் எல்லையை முக்கோணம் முக்கோணமாக எழுப்புவதற்கு ஆட்டோகேடைப் போலக் கைக்கு அடங்கிய கருவி வேறில்லை. பதிப்புச் சிக்கலும் உண்டு. ஆட்டோகேட் கோப்பைப் பழைய வடிவத்தில் சேமித்து அனுப்பலாம். ரெவிட் கோப்பைப் புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்துவிட்டால் பழைய பதிப்பில் திறக்கவே முடியாது.

ஆகவே கலவைதான் என்று முடிவு செய்தோம். அதில் எங்கே அடி விழும் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் அடி நிலத்திலேயே விழுந்தது. சர்வேயர் கொடுத்த சமமட்டக் கோடுகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) ரெவிட்டில் ஏற்றி நிலமாக மாற்றினால், ஏற்காட்டுச் சரிவு கேரம் பலகையைப் போலத் தட்டையாக வந்தது. காரணம் எளிது. கோடுகள் எல்லாம் பூஜ்ஜிய உயரத்தில் வரையப்பட்டிருந்தன. உயரம் பக்கத்தில் எழுத்தாக மட்டும் இருந்தது. மேலிருந்து பார்க்கும் ஆட்டோகேடில் அந்தக் குறை யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் உயரத்தைக் கொடுக்க ஒன்றரை நாள் ஆனது. இப்போதெல்லாம் கோடுகளைக் கேட்பதில்லை. டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி எடுத்த புள்ளிகளை எண்களாகவே ஒரு சி.எஸ்.வி. கோப்பில் (எண்களின் எளிய அட்டவணை) வாங்கிவிடுகிறோம். ரெவிட் அதிலிருந்து நேராக நிலத்தை எழுப்பிக்கொள்ளும். 2024 பதிப்பிலிருந்து அந்த நிலம் வெறும் மேற்பரப்பாக இல்லாமல் கனமுள்ள பொருளாகவே வருகிறது.

அடுத்தது தொலைவு. சர்வேயர் யு.டி.எம். ஆயத்தொலைவுகளில் (பூமியில் ஓர் இடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும் முறை) அளந்தால், பூமத்திய ரேகையிலிருந்து கணக்கிடும் வடக்கு மதிப்பு ஏற்காட்டில் 13 லட்சம் மீட்டரைத் தாண்டும். ஆட்டோகேட் இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ரெவிட்டோ தன் உள் தொடக்கப் புள்ளியிலிருந்து 16 கிலோமீட்டருக்குள்தான் எதையும் ஒழுங்காகக் காட்டும். அதற்கு அப்பால் வட்டங்கள் நெளியும், கோடுகள் சேராது. வீட்டை உள் தொடக்கப் புள்ளிக்கு அருகில் கட்டிக்கொண்டு, உண்மையான ஆயத்தொலைவுகளை சர்வே புள்ளி என்று ரெவிட்டில் இருக்கிற குறிக்குத் தனியாகக் கொடுப்பதே வழி. இரண்டு மென்பொருளும் பேசிக்கொள்வது அந்த ஒரு புள்ளி வழியாகத்தான்.

மூன்றாவது அடி எங்கள் கையாலேயே நேர்ந்தது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு சில்வர் ஓக்கின் வேருக்கு விலகல் கொடுக்க, கீழ்மட்டப் படுக்கையறை ஜன்னலை மாதிரியில் 30 சென்டிமீட்டர் தள்ளினோம். பிளானும் எலிவேஷனும் உடனே மாறின. ஆனால் ஜன்னலின் நுணுக்கப் படம் அதற்கு முன்பே ஆட்டோகேடுக்கு ஏற்றுமதியாகி, அங்கே தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. அதில் சுவர் மூலையிலிருந்து ஜன்னலுக்கு உள்ள தூரமும் எழுதப்பட்டிருந்தது, பழைய தூரம். தளத்தில் இரண்டு தாள்களும் ஒரே ஆணியில் தொங்கின. கொத்தனார் பெரிய எழுத்தில் இருந்த தாளைப் பார்த்துக் கட்டினார். லிண்டல் (ஜன்னலின் மேல் வரும் கான்கிரீட் உத்தரம்) வார்த்து முடித்த பிறகு மேஸ்திரி போன் செய்தார்: “சார், இரண்டு தாளில் இரண்டு அளவு இருக்கிறது. நான் எதை நம்புவது?” உடைத்து மறுபடி வார்த்தோம். செலவு எங்களுடையது. அதைவிட, அந்தக் கேள்வி என்னை வெகுநாள் உறுத்தியது.

அதன் பிறகு, ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை மாதிரி மட்டுமே சொல்லும் என்று வைத்துக்கொண்டோம். அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை நுணுக்கப் படம் சொல்லும். ஆகவே ஆட்டோகேடில் வரையும் நுணுக்கப் படத்தில் இட அளவு எதுவும் எழுதக் கூடாது. சட்டத்தின் அகலம், லிண்டல் தாங்கும் நீளம், பூச்சின் கனம் போன்ற பொருளின் அளவுகள் மட்டுமே. மாதிரியிலிருந்து ஏற்றுமதியாகும் பிளானை ஆட்டோகேடில் எக்ஸ்ரெஃபாக (வெளிக் கோப்பு இணைப்பாக) அடியில் விரிக்கலாம். அதன் கோடு ஒன்றைக்கூட அங்கே திருத்தக் கூடாது. எதிர்த்திசையில், நுணுக்கப் படங்கள் ரெவிட்டின் டிராஃப்டிங் வியூவுக்குள் (மாதிரியோடு ஒட்டாத தனி வரைபடத் தாள்) லிங்காக, மூலக் கோப்போடு இணைந்தபடி மட்டுமே வரும். இம்போர்ட் செய்தால் அது அன்றைய நகலாக உறைந்துவிடும். அதை எக்ஸ்ப்ளோட் செய்தாலோ (தனித்தனிக் கோடுகளாக உடைத்தாலோ) பெயர் தெரியாத கோட்டு வகைகள் கூட்டமாகக் கோப்புக்குள் குடியேறிவிடும். பிறகு அவற்றை விரட்டுவது பெரும்பாடு.

இந்த ஒழுங்கு வந்தபின் கலவை எங்களுக்கு நன்மையும் செய்தது. கட்டமைப்புப் பொறியாளரின் தூண் மையப் படத்தை லிங்க் செய்து மாதிரியின் மேல் விரித்தபோது, இரண்டு தூண்கள் ஒரு சாண் தள்ளியிருப்பது குழி தோண்டுவதற்கு முன்பே தெரிந்தது. தனித்தனித் தாள்களாக இருந்திருந்தால் சுண்ணாம்புக் கோடு போடும்போதுதான் தெரிந்திருக்கும்.

ஸ்கெட்சப் என்ற எளிய முப்பரிமாண மென்பொருளையும் ஆட்டோகேடையும் இணைத்து வேலை செய்கிறவர்கள் சேலத்தில் நிறையப் பேர். வீட்டுக்காரருக்குக் காட்ட ஸ்கெட்சப் அருமையானது, நானும் முதல் வாரத்தில் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் காட்டிய மாதிரிக்கும் கட்டும் படத்துக்கும் உறவு வரைகிறவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. சரிவில் அது போதாது. ரெவிட்டைப் போலவே மாதிரியாகக் கட்டும் மென்பொருளான ஆர்க்கிகேட் ஹங்கேரியில் உருவானது, அதன் இரு பரிமாண வரைவு ரெவிட்டைவிட இதமானது. அதை நன்கு அறிந்த ஆட்கள் கிடைத்தால் கலவையின் தேவையே பாதி குறையும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோகேட், ரெவிட் இரண்டுக்குமே இப்போது சந்தாதான். சிறிய அலுவலகத்துக்கு இரண்டின் எளிய வடிவங்களையும் சேர்த்துத் தரும் ரெவிட் எல்.டி. தொகுப்பு போதுமா என்று முதலில் பாருங்கள். அதில் ஒரே மாதிரிக்குள் பலர் சேர்ந்து வேலை செய்ய முடியாது. மாதிரியை ஒருவர் மட்டுமே தொடும் எங்களைப் போன்ற இடத்தில் அது பெரிய இழப்பு அல்ல.

சேலத்துச் சமமனைகளுக்கு நான் இன்றும் ஆட்டோகேடைத் தவிர வேறெதையும் திறப்பதில்லை. ஒரு மருத்துவமனையோ கல்லூரிக் கட்டடமோ வந்து, பொறியாளரும் மின்பணி ஆலோசகரும் ரெவிட்டிலேயே வேலை செய்வார்கள் என்றால் முழு ரெவிட்டுக்குப் போவேன். சேர்வராயன் மலைச் சரிவில் வீடு என்றால் கலவைதான், மாதிரியின் சொல்லே முடிவு என்ற நிபந்தனையோடு.

அந்தத் தோட்டத்துப் பாறையின் உச்சியில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கூட்டல் குறி போட்டிருக்கிறோம். அதன் மட்டம் 100.00 என்று சர்வேயரின் கோப்பிலும், ரெவிட்டின் சர்வே புள்ளியிலும், பொறியாளரின் படத்திலும், மேஸ்திரியின் நோட்டிலும் ஒரே எண்தான். மழையில் நிறம் மங்கும் முன் அதை மறுபடி பூசிவிடும்படி மேஸ்திரியிடம் ஒரு சிறிய டப்பா பெயின்ட்டும் கொடுத்துவைத்திருக்கிறோம்.