அறுந்த பாதைக்கு ரயிலா, பேருந்தா? ஜப்பானின் நான்கு பாதைகள்

2022 அக்டோபர் 1 அன்று, ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்து மலைக்குள், ஐசு-கவாகுச்சிக்கும் ததாமிக்கும் நடுவே மறுபடி ரயில் ஓடியது. பதினோரு வருட இடைவெளி. தூரம் வெறும் 27.6 கிலோமீட்டர். 2011 ஜூலை மழையில் ததாமி ஆறு பொங்கி, மூன்று பாலங்களின் உத்திரங்களை அடித்துக்கொண்டு போன துண்டு அது. வெள்ளத்துக்கு முந்தைய கணக்குப்படி அந்தத் துண்டின் பயணி அடர்த்தி, அதாவது பாதையின் ஒரு கிலோமீட்டரைச் சராசரியாகக் கடந்தவர்கள், நாளொன்றுக்கு 49 பேர். அதைச் சரிசெய்ய ஆன செலவோ சுமார் 900 கோடி யென்.

இந்தக் கணக்கை முதலில் படித்தபோது இது தவறான முடிவு என்றுதான் நினைத்தேன். ஜப்பானில் இதேபோல மழையிலும் சுனாமியிலும் அறுந்துபோன மற்ற பாதைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது. ஒவ்வொரு ஊரும் வேறு வேறு வழியில் போயிருக்கிறது. ததாமியில் ரயில் திரும்பியது, ஆனால் தண்டவாளத்தை மாகாணம் ஏற்றுக்கொண்டது. கேசென்னுமா, ஓஃபுனாதோ பாதைகளில் ரயில் போய் பிஆர்டி வந்தது. அதாவது பழைய ரயில்தடத்தில் தார் போட்டு, பேருந்து மட்டும் போகும் தனிச்சாலை ஆக்கினார்கள். மியாகோ–கமாயிஷி பாதையில் ரயிலைத் திருப்பிக் கட்டி, உள்ளூர் கம்பெனி ஒன்றின் கையில் கொடுத்தார்கள். கியூஷூ தீவின் ஹிதாஹிகோசான் பாதையில் மறுபடி பிஆர்டி. நான்கையும் பார்க்கும்போது, வண்டிக்கு இரும்புச் சக்கரமா ரப்பர் சக்கரமா என்ற கேள்வி எனக்குப் பின்னால் போய்விட்டது. அந்த ஊரில் இருப்பவருக்கு ஒரு நாளில் எத்தனை தடவை வண்டி வரும், அது வெளியூரோடு நேராகச் சேர்க்கிறதா, பராமரிப்புக் காசை யார் கொடுக்கிறார்கள் என்ற மூன்றும்தான் முன்னால் நிற்கின்றன.

முதலில் ததாமி. இதில் எனக்குப் பிரியம் அதிகம், அதை மறைக்கவில்லை.

ஐசு-வகமட்சுவிலிருந்து நீகாத்தா மாகாணத்தின் கொயிதே வரை மொத்தம் 135.2 கிலோமீட்டர். ஒற்றைத் தடம், டீசல் வண்டி. முழுப் பாதையையும் கடக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போது அறுந்து சேர்ந்த துண்டு, பிறக்கும்போதே பயணிகளுக்கான பாதை கிடையாது. தகோகுரா அணை கட்டச் சாமான் கொண்டுபோவதற்காக மின்சார நிறுவனம் 1957-இல் போட்டது. 1963-இல்தான் அது தேசிய ரயில்வேயிடம் வந்தது. நீகாத்தா பக்கத்தோடு இணைக்கும் 6,359 மீட்டர் நீளமுள்ள ரோகுஜூரிகோயே சுரங்கம் திறந்து, 1971 ஆகஸ்டில் முழுப் பாதையும் ஒன்றானது. 1980-களில் தேசிய ரயில்வே நஷ்டப் பாதைகளை வரிசையாக மூடியபோது இது தப்பியதற்குக் காரணமும் அந்த மலைதான். கணவாய் வழியாகப் போகும் 252-ஆம் எண் நெடுஞ்சாலை பனிக்காலத்தில் மூடிவிடும். அப்போது மலையைத் தாண்ட ரயிலை விட்டால் வேறு வழி இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பனியில் மூடுவது ததாமிக்கு மேற்கே உள்ள கணவாய். வெள்ளத்தில் அறுந்தது ததாமிக்குக் கிழக்கே. அந்தக் கிழக்குத் துண்டில் பதினோரு வருடமும் மாற்றுப் பேருந்து ஓடியது, குளிர்காலம் உட்பட. ஆகவே “சாலை இல்லை, ரயில்தான் வேண்டும்” என்று அந்தத் துண்டுக்கு மட்டும் வாதாட முடியாது. பேருந்து என்றால் இன்னும் அதிக தடவை ஓட்டலாம், வீட்டுப் பக்கத்திலேயே நிறுத்தலாம் என்று அந்தப் பாதையை நடத்தும் ரயில் கம்பெனியான ஜேஆர் கிழக்கு சொன்னது. அதில் நியாயம் இருந்தது. திரும்பி வந்த ரயிலோ ஒரு நாளைக்கு மூன்று முறை போய் மூன்று முறை வருகிறது, அவ்வளவுதான். பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவருக்கு ஒரு வண்டி தவறினால் பாதி நாள் போய்விடும்.

பிறகு ஏன் ரயில்? நடுத்துண்டை வெட்டிவிட்டால் மீதி இரண்டும் முட்டுச்சந்து ஆகிவிடும். ஐசு-கவாகுச்சியோடு நிற்கும் ஒரு வால், ததாமியிலிருந்து கொயிதே போகும் இன்னொரு வால். அவற்றுக்கும் நாளைக்கு இதே கேள்வி வரும். 27.6 கிலோமீட்டரைக் காப்பாற்றியபோது 135 கிலோமீட்டரின் ஆயுளும் சேர்ந்து நீண்டது. இரண்டாவது காரணம் வெளியிலிருந்து வருகிறவர்கள். மிஷிமா ஊர்ப்பக்கம் முதலாம் ததாமி ஆற்றுப் பாலத்தைப் பார்க்கும் மேடு ஒன்று இருக்கிறது. வளைவுப் பாலம், கீழே அசையாத தண்ணீர், காலையில் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி. ஜப்பானுக்கு வெளியிலிருந்தும் கேமராவோடு வந்து, இரண்டு பெட்டி வண்டி பாலத்தைக் கடக்கும் ஒரு நிமிடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அதே பள்ளத்தாக்கில் பேருந்து போனால் அதற்காக ஒருவரும் மேடு ஏற மாட்டார்கள். இளையவர்கள் வெளியேறி, முதியவர்கள் மட்டும் மிஞ்சும் ஓகு-ஐசு என்ற இந்த மலைப்பகுதி ஊர்களுக்கு அந்தக் கூட்டம் கடையிலும் விடுதியிலும் செலவழிக்கும் காசு பெரிது. ரயிலைக் கண்டால் எல்லோரும் கையசைப்போம் என்று ததாமி ஊர் ஒரு விதியே இயற்றியது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

காசு விஷயத்திலும் ததாமி புதிய வழி காட்டியது. 2017-இல் ஜேஆர் கிழக்கும் ஃபுகுஷிமா மாகாணமும் செய்த ஒப்பந்தப்படி அந்தத் துண்டின் தண்டவாளம், பாலம், சுரங்கம் எல்லாம் மாகாணத்தின் சொத்து. ஜேஆர் வண்டியை மட்டும் ஓட்டும். லாபத்தில் இருக்கும் கம்பெனியின் நஷ்டப் பாதைக்கும் அரசு உதவலாம் என்று 2018-இல் சட்டம் திருத்தப்பட்டதால் கட்டுமானச் செலவில் ஒரு பங்கை மத்திய அரசும் ஏற்றது. ஆண்டுப் பராமரிப்பு சுமார் 21 கோடி யென் ஆகும் என்று ஒப்பந்த நேரத்தில் மதிப்பிட்டார்கள். அது மாகாணத்தின் மீதும் ஐசு வட்டாரத்தின் 17 ஊராட்சிகளின் மீதும் விழுகிறது. இதில் ஊர்க்காரர் தெரிந்தே ஒப்புக்கொண்ட சுமை இருக்கிறது. அதனால்தான் எனக்கு இந்த முடிவின் மேல் மரியாதை.

சரி, கடற்கரைக்கு வருவோம். 2011 மார்ச் 11 சுனாமியில் கேசென்னுமா பாதையின் யனாயிசு–கேசென்னுமா துண்டு, 55.3 கிலோமீட்டர், சின்னாபின்னமானது. அதன் தொடர்ச்சியான ஓஃபுனாதோ பாதையில் கேசென்னுமா–சகாரி இடையே 43.7 கிலோமீட்டருக்கும் அதே கதி. ரயிலைத் திருப்பிக் கட்ட முன்னதற்கு 7,000 கோடி யென், பின்னதற்கு 4,000 கோடி யென் ஆகும் என்றது ஜேஆர் கிழக்கு. இதில் பெரும்பகுதி பாதையை உயரமான இடத்துக்கு மாற்றும் செலவு.

பேருந்து எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதைப் பாருங்கள். கேசென்னுமா பாதையில் 2012 ஆகஸ்டிலேயே பிஆர்டி ஓடத் தொடங்கிவிட்டது, சுனாமிக்கு ஒன்றரை வருடத்துக்குள். ஓஃபுனாதோ பக்கம் 2013 மார்ச்சில். வீடு இழந்து தற்காலிகக் குடியிருப்பில் இருந்தவர்களுக்குப் பத்து வருடம் கழித்து வரும் ரயிலைவிட அது ஆயிரம் மடங்கு உபயோகம். இந்த ஒரு காரணத்துக்காகவே கடற்கரையில் பிஆர்டி சரியான முடிவு என்று சொல்வேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சுனாமிக்குப் பிறகு ஊர்களே இடம் பெயர்ந்தன. மினாமிசன்ரிக்குவில் வீடுகளும் ஊராட்சி அலுவலகமும் ஆஸ்பத்திரியும் மேட்டுக்குப் போயின. பேருந்து நிறுத்தத்தை அவற்றின் பின்னாலேயே நகர்த்த முடிந்தது. அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எதிரே நின்று அந்தப் பெயரையே தாங்கிய நிறுத்தம் அங்கே இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு இப்படி நடந்து போகத் தெரியாது. மறுபடி சுனாமி எச்சரிக்கை வந்தாலும் ஓட்டுநர் தனிச்சாலையை விட்டு மேட்டுச் சாலைக்கு வண்டியைத் திருப்பலாம்.

ஆனால் இழப்பும் சிறியதல்ல. கேசென்னுமா பாதை பல தலைமுறை கேட்டுக் கேட்டு, 1977 டிசம்பரில்தான் முழுதாகத் திறந்தது. 33 வருடம் ஓடி நின்றது. செண்டாயிலிருந்து கேசென்னுமாவுக்கு மாறாமல் போகும் விரைவு ரயில் ஒன்று இருந்தது, இப்போது வழியில் இறங்கி மாற வேண்டும். ஒரு பாதை பேருந்தாக மாறும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: பெரிய நகரத்துக்கு நேர் வண்டி உண்டா, இல்லையா? இருக்கையில் உட்கார்ந்தால் கடைசிவரை எழ வேண்டாம் என்ற அந்த வசதி வயதானவர்களுக்கு மிகப் பெரியது. 2020 ஏப்ரலில் ரயில் உரிமமும் முறைப்படி ரத்தானதால் திரும்பும் வழி அங்கே மூடிவிட்டது.

அதே கடற்கரையில் வடக்கே மியாகோ–கமாயிஷி துண்டு, 55.4 கிலோமீட்டர். இங்கும் ஜேஆர் பிஆர்டி யோசனையை முன்வைத்தது, ஊர்கள் ஏற்கவில்லை. கடைசியில் ஜேஆர் செலவில் பெரும்பகுதியைப் போட்டுப் பாதையைச் சீர்செய்து, சன்ரிக்கு ரயில்வே என்ற உள்ளூர் கம்பெனியிடம் கொடுத்தது. மாகாணமும் ஊர்களும் பங்கு வைத்திருக்கும் கம்பெனி அது. 2011 நிலநடுக்கத்துக்கு ஐந்தே நாளில், தப்பிய ஒரு சிறு துண்டில் இலவசமாக ரயில் ஓட்டியவர்கள். 2019 மார்ச் 23 அன்று சகாரியிலிருந்து குஜி வரை 163 கிலோமீட்டர் ஒரே பாதையாக இணைந்தது. அந்த அக்டோபரிலேயே புயல் வந்து பல இடங்களில் தடத்தை அறுத்தது. மறுபடி சீர்செய்து 2020 மார்ச்சில் முழுதாக ஓட்டினார்கள். அவர்கள் உறுதியை வணங்குகிறேன். ஆனாலும் இந்த வழி எனக்குப் பயம் தருகிறது. பெரிய கம்பெனியின் முதுகில் இருந்த சுமை, மக்கள் தொகை குறைந்துகொண்டே போகும் ஊர்களின் முதுகுக்கு மாறிவிட்டது. அடுத்த புயலையும் அவர்கள்தான் தாங்க வேண்டும்.

நான்காவது ஹிதாஹிகோசான். எனக்கு மனம் ஆறாத கதை இதுதான். 2017 ஜூலை பெருமழையில் ஃபுகுவோகா, ஓயிதா மாகாணங்களின் நடுவே சோயெதா–யோவாகே 29.2 கிலோமீட்டர் அறுந்தது. மழைக்கு முந்தைய வருடம் அதன் பயணி அடர்த்தி 131, ததாமித் துண்டைப்போல இரண்டரை மடங்கு. சீர்செய்ய மதிப்பிட்ட செலவு 560 கோடி யென், ததாமிக்கு ஆனதைவிடக் குறைவு. ரயில்தான் வேண்டுமென்றால் வருடம் 16 கோடி யென் உள்ளூர் அரசுகள் தர வேண்டும் என்றது ஜேஆர் கியூஷூ. அதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. தன் ஒரே ரயில் பாதையை இழக்கவிருந்த தோஹோ என்ற சிறு கிராமம் கடைசிவரை ரயிலைக் கேட்டு நின்றது. 2020-இல் பிஆர்டி என்று முடிவாகி, 2023 ஆகஸ்ட் 28-இல் ஓடத் தொடங்கியது.

நாட்களைக் கூட்டிப் பாருங்கள். கடற்கரையில் பிஆர்டியின் பெரிய பலம் வேகமாக வந்ததுதான். இங்கே பேருந்துக்கே ஆறு வருடம் ஆனது. ரயிலுக்கான காத்திருப்பைக் காத்திருந்து பேருந்தைப் பெற்றார்கள். சோயெதாவிலிருந்து ஹிதா வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் தனிச்சாலை 14.1 கிலோமீட்டர்தான், மீதி பொதுச்சாலை. கேசென்னுமாவில் பெரும்பகுதி தனிச்சாலை. பெயர் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தாலும் சரக்கு ஒன்றில்லை. 4,378 மீட்டர் ஷகாதாகே சுரங்கத்துக்குள் பேருந்து நுழைந்து போவது நல்ல அனுபவமாக இருக்கலாம், ஆனால் மொத்தப் பயண நேரம் ரயிலைவிடக் கூடிவிட்டது.

நியாயமாகச் சொன்னால் அங்கே நல்லதும் நடந்திருக்கிறது. நிறுத்தங்கள் 12-லிருந்து 36 ஆகப் பெருகின. பள்ளி, ஆஸ்பத்திரி, வீட்டு வாசல் என்று வண்டி கிட்ட வருகிறது. சிறிய மின்சாரப் பேருந்துகளும் ஓடுகின்றன. மூட்டு வலியோடு இருக்கும் ஒரு பாட்டிக்கு ஒரு கிலோமீட்டர் நடந்து நிலையம் போவதைவிட இது நல்லதுதான். அன்றாடப் பயணம் என்ற ஒரே அளவுகோலில் ஹிகோபோஷி என்று பெயர் வைத்த இந்தப் பேருந்து, ததாமி ரயிலை வென்றுவிடும் என்றே நினைக்கிறேன். தோஹோவின் பல வளைவுப் பாலங்களைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு கனக்கிறது. ததாமியில் ஒரு பாலம் ஒரு வட்டாரத்தையே வாழவைக்கிறது, இங்கே அதே அழகுடைய பாலங்களின் மேல் தார் போட்டுவிட்டார்கள்.

ஆக, என் தேர்வு இடத்துக்கு இடம் மாறும். ஊரே நகர்ந்துபோன கடற்கரைக்குப் பேருந்து, அதுவும் உடனே, தனிச்சாலையோடு. இரண்டு பாதைகளை நடுவில் இணைக்கும் துண்டாகவும், வெளியூர்க்காரரை வரவழைக்கும் காட்சியாகவும் இருக்கும் இடத்துக்கு ரயில், ஆனால் மூன்று தடவைக்கு மேல் ஓட்டினால்தான் ஊர்க்காரருக்கும் அதில் பங்கு கிடைக்கும். ததாமியில் இன்னும் செய்ய வேண்டிய வேலை அதுவே. ஹிதாஹிகோசானுக்கு ரயிலைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன், ததாமி மாதிரி தண்டவாளத்தை மாகாணங்கள் ஏற்றுக்கொண்டு.

இந்தக் கேள்வி பழைய கதையாகிவிடவும் இல்லை. கியூஷூவில் 2020 ஜூலை வெள்ளத்தில் அறுந்த ஹிசாட்சு பாதையின் யாட்சுஷிரோ–ஹிதோயோஷி பகுதிக்கு மதிப்பிட்ட செலவு சுமார் 2,350 கோடி யென். அதைத் ததாமி முறையிலேயே ரயிலாகத் திரும்பக் கொண்டுவருவதாக 2025-இல் குமமோத்தோ மாகாணமும் ஜேஆர் கியூஷூவும் முடிவுக்கு வந்தன. யமகாத்தாவையும் நீகாத்தாவையும் சேர்க்கும் யோனெசாகா பாதை 2022 ஆகஸ்ட் மழையில் 67.7 கிலோமீட்டர் நின்றுபோனது. அதைச் சீர்செய்ய ஜேஆர் கிழக்கு போட்ட மதிப்பு சுமார் 860 கோடி யென், ததாமியில் 27.6 கிலோமீட்டருக்கு ஆனதைவிடச் சற்றுக் குறைவு. தோஹோவுக்கு ஆனது அங்கே ஆகக்கூடாது என்பது என் ஆசை.