சானூர் கடற்கரை: பத்து மாத மகளோடு ஐந்து நாள்

பாலியில் குட்டா பக்கம் அலை பெரிது. அதனால் கிழக்குக் கரையில் இருக்கும் சானூருக்குப் போனோம். தள்ளி இருக்கும் பவளத்திட்டு அலையை அங்கேயே உடைத்துவிடுகிறது. கரையில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கிறது. மகள் அதில் உட்கார்ந்து தட்டித் தட்டி விளையாடினாள், நடுவில் ஒரு வாய் மணலும் தின்றாள். ஆனால் நீர் வற்றும் நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். கடல் வெகுதூரம் உள்வாங்கி, பாசியும் கல்லும்தான் மிஞ்சும்.

கரையோரமாகவே நீளமான நடைபாதை. தள்ளுவண்டி சுலபமாக உருளும். சைக்கிள்காரர்கள் மட்டும் மணியடித்துக்கொண்டே வருவார்கள். காலையில் 'புபுர் ஆயாம்' என்று கோழிக் கஞ்சி கிடைக்கும். மிளகாய், சோயா சாஸ் வேண்டாம் என்று வெறும் கஞ்சியாக வாங்கி ஊட்டினேன். வழித்துச் சாப்பிட்டாள்.

தங்கிய விடுதிதான் சொதப்பல். தொட்டில் உண்டு என்றார்கள், போனால் இல்லை. இரண்டு நாற்காலியைக் கட்டிலோடு அணைத்துப் போட்டுச் சமாளித்தோம்.

அப்புறம், அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. சென்னையில் நாலரைக்கு எழுப்புகிறவள் அங்கே ஏழு வரை தூங்கினாள். சானூரின் புகழ்பெற்ற சூரிய உதயத்தை நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை.