மஞ்சள் காய்ச்சல் ஊசி: கொச்சியா, கிண்டியா?

கோவைப் பக்கமிருந்து பம்பு, பனியன் வியாபாரமாகக் கென்யா, நைஜீரியா போய்வருகிறவர்கள் கேட்பது இது. ஊசியில்லாமல் திரும்பினால் இந்தியாவிலேயே 6 நாள் வரை தனிமை. அரசு அங்கீகரித்த மையச் சான்றுதான் செல்லும்.

தூரம்: கோவையிலிருந்து கொச்சி சுமார் 190 கி.மீ., சென்னை 500.

பயணம்: கொச்சி வெலிங்டன் தீவுத் துறைமுகச் சுகாதார மையத்துக்கு விடியலில் கிளம்பி இரவுக்குள் திரும்பலாம். கிண்டி கிங் நிலையத்துக்குச் சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, சென்ட்ரலில் மெட்ரோ பிடிக்கலாம்.

நாள்: இரண்டிலும் முன்பதிவு பற்றிக் கேட்டுவிட்டே கிளம்புங்கள். ஒரு குப்பியில் பல டோஸ். திறந்தால் சில மணி நேரமே தாங்கும். அதனால் தினமும் போடுவார்கள் என்று நம்பிப் போகக்கூடாது.

மருந்து ஒன்றே: 0.5 மி.லி., ஒரே ஊசி. சான்று 10 நாள் கழித்தே செல்லும், பிறகு ஆயுளுக்கும். முட்டை ஒவ்வாமை உள்ளவரும் 60 வயது தாண்டியவரும் முதலில் மருத்துவரைப் பார்க்கணும். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) போட்டிருந்தால் 4 வாரம் இடைவெளி.

பாஸ்போர்ட்டில் விரிந்திருக்கும் இனிஷியல் சான்றிலும் அப்படியே இருக்கட்டும். நம்மூர்க்காரர்கள் மாட்டுவது இங்கேதான்.

கோவை, பொள்ளாச்சி, திருப்பூருக்குக் கொச்சி. சேலத்துக்காரர்களுக்கும், விசா வேலைக்கு எப்படியும் சென்னை போகிறவர்களுக்கும் கிண்டி.