ஸ்பானிஷில் ஆய்வுக் கட்டுரை எழுதுவோருக்கு ஓர் ஐய அகராதி: மதிப்புரை

ஸ்பானிஷில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவருக்குச் சொற்பொருளில் சந்தேகம் வருவது குறைவு. வினை ஒருமையா பன்மையா, 'கே' ('என்று' போன்ற இணைப்புச் சொல்) வரும்போது அதற்கு முன் 'தே' என்ற முன்னிடைச்சொல் வேண்டுமா என்ற இடங்களில்தான் கை நிற்கும். அதற்கென்றே உள்ளது 'திக்சியோனாரியோ பானிஸ்பானிகோ தே துதாஸ்' என்ற ஐய அகராதி. ஸ்பெயினின் அரச மொழி அகாடமியான ரேயல் அகாதெமியா எஸ்பாஞோலாவும் மற்ற ஸ்பானிஷ் மொழி அகாடமிகளும் சேர்ந்து 2005இல் வெளியிட்ட இந்த நூலை அகாடமியின் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

முதலில் படிக்க வேண்டியது 'சே' என்ற பதிவு; செய்தவரைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்ல வினைக்கு முன் வரும் சிறு சொல் இது. நீளமானதுதான், ஆனால் ஆய்வுமுறைப் பகுதி முழுவதும் இந்தச் சொல்லின்மேல்தான் நிற்கிறது. 'சே அனலிசாரோன் லோஸ் தாத்தோஸ்' என்றால் தரவுகள் ஆராயப்பட்டன. தரவுகள் எழுவாய், அதனால் வினையும் பன்மை. பங்கேற்பாளர்களைப் பேட்டி கண்டதை எழுதும்போது 'சே எந்த்ரெவிஸ்தோ ஆ லோஸ் பார்த்திசிபாந்தேஸ்' என்று வினை ஒருமையாகிவிடும், ஆட்கள் எத்தனை பேரானாலும். 'ஆ' என்ற முன்னிடைச்சொல் வந்ததும் அந்தப் பெயர் செயப்படுபொருள். வினை அதனோடு இயையாது. இங்கே 'எந்த்ரெவிஸ்தாரோன்' என்று பன்மையில் எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. தமிழ் அறிந்தவருக்கு இதைப் பிடித்துக்கொள்ள நல்ல வழி உண்டு: 'புத்தகம் படித்தேன்' என்று ஐ உருபு இல்லாமல் சொல்கிறோம், 'மாணவரைப் பார்த்தேன்' என்பதில் அதை விட முடியாது. உயர்திணைக்கு நாம் ஐ சேர்க்கும் இடங்களில் பெரும்பாலும் ஸ்பானிஷில் 'ஆ' வரும்.

'கே' முன் 'தே' பற்றிய ஐயத்துக்கு 'கேயிஸ்மோ' (வேண்டிய 'தே'யை விடுவது), 'தெகேயிஸ்மோ' (வேண்டாத 'தே'யைச் சேர்ப்பது) பதிவுகள். வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள்: கேள்வி 'தே கே' என்று தொடங்கினால் பதிலிலும் 'தே' வேண்டும். 'மிஸ்மோ' பதிவையும் விடக்கூடாது. முன்னே சொன்ன பெயரை மீண்டும் சுட்ட 'எல் மிஸ்மோ' (அதே) போடுவது அலுவலக நடை, தேவையற்றது என்று அகராதி தெளிவாகச் சொல்கிறது. 'அடிப்படையில்' என்ற பொருளில் வரும் 'என் பாசே ஆ'வையும் பரிந்துரைப்பதில்லை. 'ஆ பார்த்தீர் தே' (இதிலிருந்து) போதும்.

ஓர் எச்சரிக்கை: வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் அடுத்து வருவது தவறான வடிவம். குறியைக் கவனிக்காமல் எடுத்துக்காட்டை நகலெடுத்தால் பிழையையே நகலெடுப்போம்.

குறை அமைப்பிலேயே இருக்கிறது. பதிவுகள் சொல்வாரியானவை, சிக்கலின் பெயர் தெரியாதவருக்குக் கதவு எதுவென்று தெரியாது. 'என் பாசே ஆ'வைத் தேட 'பாசே'க்குப் போக வேண்டும் என்பதையே பழகித்தான் அறிய வேண்டும். வாக்கிய அமைப்பு சார்ந்த ஐயங்களுக்கு இது போதாது. சோதனை நடத்திய வினைக்குப் பின் 'ஒப்தெனியேந்தோ' (பெற்று) என்று முடிவைத் தொங்கவிடும் பழக்கம் ஆய்வுக் கட்டுரைகளில் மலிந்தது. பின்னால் நடந்ததைச் சொல்ல இந்த வினையெச்சம் பொருந்தாது. 'இ' (மேலும்) போட்டுப் புது முற்றுவினை எழுதுவதே சரி. இதை விரிவாகப் படிக்க 2009இல் வந்த அகாடமி இலக்கணத்தின் 27ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும்.

சரி எது என்பதை அகராதி சொல்லும். துறையில் எது வழக்கம் என்பதைச் சொல்லாது. அதற்கு அதே அகாடமியின் 'கோர்பெஸ்' என்ற ஸ்பானிஷ் உரைத் தரவுத்தளம் இருக்கிறது. புனைவை நீக்கி, அறிவியல் தொழில்நுட்பம் என்று வடிகட்டித் தேடுங்கள். வெறும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம்: அங்குள்ள உரைகளில் சுமார் 70 விழுக்காடு அமெரிக்கக் கண்டத்து நாடுகளுடையவை. பத்து லட்சம் சொல்லுக்கு எத்தனை என்ற நெடுவரிசையைப் பாருங்கள்.