பதக்கத்தைப் படிக்க யார் சரி: ஃபோனா, நாணய வியாபாரியா, ஆவணமா?

பெங்களூரில் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து வெளிநாட்டு விமானப்படைப் பதக்கம் வந்தால் ஆச்சரியமில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, 1943 முதல், நம்ம எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைதான் அமெரிக்க ராணுவ விமானங்களைப் பழுதுபார்த்த இடம். வந்ததும் எல்லோரும் செய்வது ஃபோனில் படம் எடுப்பதுதான்.

எழுத்தைப் படிக்க ஃபோனை அடிக்க ஆளில்லை. ரஷ்ய, ஜப்பானிய எழுத்தெல்லாம் நொடியில் தமிழாகிவிடும். ஆனால் யாருக்குக் கொடுத்தது என்று கேட்டால் உளறும். சோவியத்தின் 'ஸா அத்வாகு' பதக்கத்தைப் பாருங்கள். மேலே மூன்று விமானங்கள், நடுவே 'வீரத்துக்காக' என்று சிவப்பு எழுத்து, கீழே ஒரு டாங்கி. விமானத்தைப் பார்த்ததும் விமானி என்று முடிவுகட்டத் தோன்றும். காலாட்படைக்காரருக்கும் இதே பதக்கம்தான்.

வியாபாரியிடம் போனால் அசலா நகலா என்று எடையையும் சட்டையில் குத்தும் ஊசியையும் பார்த்துச் சொல்வார். அது ஃபோனுக்கு வராத வித்தை. மற்றபடி அவர் கண் விலைமேல்தான். புளி போட்டுத் துலக்கித் தருகிறேன் என்றால் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

என் ஓட்டு லென்ஸுக்கும் டார்ச்சுக்கும். டிஎஃப்சி (டிஸ்டிங்குவிஷ்ட் ஃப்ளையிங் கிராஸ்) என்ற பெயரில் பிரிட்டனும் அமெரிக்காவும் தனித்தனியே விருது கொடுத்தன. பிரிட்டனுடையது வெள்ளிச் சிலுவை. ரிப்பனில் ஊதாவும் வெள்ளையும் சாய்கோடாக ஓடும். அமெரிக்காவுடையது வெண்கலம், மேலே நாலு இறக்கை புரொபெல்லர். பிரிட்டிஷ் சிலுவையில் 1984 வரை பெயர் பொறித்துக் கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சிலுவையில் பின்பக்கம் கீழ்க்கையில் வருடம் மட்டும் இருக்கும். ஆனால் அதிகாரி அல்லாதவர்களுக்கான டிஎஃப்எம் (டிஸ்டிங்குவிஷ்ட் ஃப்ளையிங் மெடல்) பதக்கத்தின் விளிம்பில் பெயரும் எண்ணும் உண்டு. பர்மா ஸ்டார் போன்ற நட்சத்திரங்களில் இன்னொரு கூத்து: பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயரில்லாமலே வந்தது, இந்தியப் படையினருக்குப் பின்னால் பெயர் பொறித்து வந்தது. ஆகவே தாத்தாவுடையது என்றால் முதலில் திருப்பிப் பாருங்கள்.

பெயர் கிடைத்துவிட்டால் அப்புறம் ஆவணம்தான் ராஜா. பிரிட்டிஷ் விருதுகள் அரசிதழான லண்டன் கெசட்டில் அச்சானவை. இணையத்தில் காசில்லாமல் தேடலாம். 1944-இல் டிஎஃப்சி வாங்கிய விமானி அர்ஜன் சிங் போன்ற நம்மவர்களையும் அதில் தேடலாம். அமெரிக்கப் பக்கம் கதை வேறு. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, 1912 முதல் 1960 வரை ராணுவத்திலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. போர்க்கால விமானப்படை அப்போது ராணுவத்தின் கீழ் இருந்ததால் அதுவும் சேர்ந்தே எரிந்தது. அங்கே கேட்டு எழுதும்போது பெயரோடு படைப்பிரிவின் எண்ணையும் கொடுங்கள். எரிந்த கோப்புக்குப் பதிலாகப் பிரிவின் அன்றாட அறிக்கைகளிலிருந்து கொஞ்சமாவது திரட்டித் தருவார்கள்.