நான்கு வருஷமாக ஒரே ரகம்: 10 மி.மீ. மூன்று பல் எண்ட் மில்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரே ஒரு வி.எம்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் உலோக வெட்டு மெஷின்) வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன்; பிறர் தரும் டிராயிங்குக்கு பாகம் வெட்டித் தருவது. வருவதில் முக்கால்வாசி 6061 என்ற அலுமினியக் கலவை. அதற்கு நான்கு வருஷமாக இந்த ரக எண்ட் மில் (மெஷினில் சுழன்று வெட்டும் கட்டர்) தான்: 10 மி.மீ. கார்பைடு, மூன்று பல், கோட்டிங் இல்லாதது.

முதல் வருஷம் இதைத் திட்டாத நாளில்லை. டிராயிங்கில் ஆர்.ஏ. (பரப்பின் சொரசொரப்பு அளவு) 0.8 மைக்ரான் கேட்டிருப்பார்கள். பக்கச் சுவரில் 1.6-ஐத் தாண்டும். பயந்துபோய் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு இறக்கினேன். இன்னும் மோசம். வெட்டு வேகம், அதாவது பல் நுனி ஓடும் வேகம், நிமிடத்துக்கு 80 மீட்டர்கூட வராது. அலுமினியம் பல் நுனியில் அப்பிக்கொண்டு, அப்புறம் பிய்ந்து ஜாப் (வெட்டப்படும் துண்டு) மேலேயே ஈஷும். 8,000-க்கு, அதாவது சுமார் 250 மீட்டருக்கு ஏற்றியதும் அந்தத் தழும்பு நின்றது.

சுவரில் விழும் கோடு மட்டும் போகவில்லை. "கட்டரை மாத்திடலாம்ணா" என்றான் மெஷினில் நிற்கும் தம்பி. மாற்றினோம், அதே கோடு. ஒருநாள் லென்ஸ் வைத்து எண்ணினேன். பல்லுக்கு 0.05 மி.மீ. ஃபீட் (கட்டர் முன்னேறும் தூரம்) என்றால் ஒரு மில்லிமீட்டரில் இருபது கோடு இருக்கவேண்டும். ஏழுகூட இல்லை. மூன்று பல்லில் ஒன்றின் தடம்தான் சுவரில் மிஞ்சுகிறது! டயல் கேஜ் வைத்தால் கட்டர் சுழலும்போது 0.02 மி.மீ. ஆடுகிறது; அதனால் ஒரு பல் மட்டும் வெளியே நீட்டி வெட்டுகிறது. கட்டரைப் பிடித்திருக்கும் கோலெட்டைக் கழற்றினால் கூம்பில் மயிரிழைபோல ஒரு அலுமினியத் துகள் நசுங்கிக் கிடந்தது. துடைத்துப் புதுக் கோலெட் மாட்டியதும் ஆட்டம் 0.005-க்குள் வந்தது, ஆர்.ஏ. 0.6. வீணாக எத்தனை கட்டரை மாற்றியிருப்பேனோ.

அடுத்து கூலண்ட், வெட்டும்போது ஊற்றும் எண்ணெய்-தண்ணீர் கலவை. எங்கள் போர் தண்ணீர் சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர். கத்திரி வெயிலில் டேங்க் வற்ற வற்ற அதையே ஊற்றினால் உப்பு ஏறி, எண்ணெய் திரிந்து மிதக்கும். இப்போது ஆர்.ஓ. தண்ணீர்தான்; ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் எண்ணெய் எட்டு சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

ஒருமுறை கடைக்காரர் ஸ்டாக் இல்லையென்று கருநீலக் கோட்டிங் போட்டதை அனுப்பிவிட்டார். அந்தக் கோட்டிங்கிலேயே அலுமினியம் கலந்திருக்கிறது. ஜாப் ஒட்டாமல் என்ன செய்யும்? ஸ்டீலுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

மங்கிய கட்டரைத் தூக்கி எறிவதில்லை. காம்பில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்து ரஃபிங்குக்கு (முதல் கரட்டு வெட்டுக்கு) ஒதுக்கிவிடுகிறோம். பாட்டில் வீட்டிலிருந்து எடுத்து வந்தது. இன்னும் யாரும் தேடவில்லை.