பொறுத்துப் பார்ப்பதா, புறப்படுவதா?

நள்ளிரவில் வயிறு வலித்தால் இரண்டு வழிதான். விடியட்டும் என்று பொறுத்திருக்கலாம், அல்லது அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம். பெரும்பாலான வயிற்று வலிக்கு முதல் வழியே போதும். வாயுப் பிடிப்பும் அஜீரணமும் சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். அப்பெண்டிசைட்டிஸ் என்கிற குடல்வால் அழற்சி, அதாவது பெருங்குடலின் தொடக்கத்தில் வால்போல் தொங்கும் சிறு குழாயில் வரும் வீக்கம், அந்த ரகம் இல்லை. அதனால் எந்த வழி என்பதற்கு முன்னால், எந்த வலி என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வாயு வலி இங்கே இழுக்கும், அங்கே குத்தும், விட்டு விட்டு வரும். ஏப்பம் வந்தாலோ மலம் கழிந்தாலோ லேசாகும். குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும். அப்புறம் சில மணி நேரத்தில், மிஞ்சிப் போனால் ஒரு நாளுக்குள், வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். வீக்கம் வயிற்றின் உட்சவ்வைத் தொட்ட பிறகுதான் வலி இருக்கும் இடம் தெளிவாகத் தெரியும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும் அந்தப் புள்ளியை 1889இல் சார்லஸ் மெக்பர்னி என்ற அறுவை மருத்துவர் குறித்துக் காட்டினார். இன்றும் மருத்துவர்கள் அங்கேதான் அழுத்திப் பார்க்கிறார்கள்.

படுத்திருக்கும் விதமே பல நேரம் சொல்லிவிடும். சிறுநீரகக் கல் வலியில் மனிதர் ஓரிடத்தில் இருக்க மாட்டார், புரண்டுகொண்டே இருப்பார். குடல்வால் வலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பார். இருமச் சொன்னால் கை தானாக வயிற்றைப் பிடிக்கும். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கினால் சுரீரென்று வலிக்கும். 2012இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் வேகத்தடையில் வலி கூடியதாகச் சொன்னார்கள். வேறு கோளாறிலும் இப்படி வலிக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

வாந்தி எப்போது வந்தது என்பதையும் கவனியுங்கள். உணவு ஒவ்வாமல் போனால் பல நேரம் வாந்தி முந்திக்கொள்ளும். குடல்வாலில் பொதுவாக வலி முன்னே, வாந்தி பின்னே. சாப்பாட்டை நினைத்தாலே பிடிக்காது, லேசான காய்ச்சலும் சேரும்.

எல்லோருக்கும் இதே வரிசையில் வராது. கர்ப்பிணிகளுக்கு வலி சற்று மேலே தெரியலாம். முதியவர்களுக்கு வலி குறைவாகவே இருக்கலாம். சின்னக் குழந்தைக்கு இடம் காட்டத் தெரியாது. குடல்வால் பின்பக்கம் மடங்கியிருந்தால் விலாவில் வலிக்கும். ஆகவே 'வலப்பக்கம் வலிக்கவில்லையே' என்று நிம்மதி அடைய வேண்டாம்.

சரி, பொறுத்திருந்தால் என்ன போகும்? அழற்சி முற்றினால் குடல்வால் வெடித்து, சீழ் வயிற்றுக்குள் பரவும். தொடங்கி ஒன்றரை நாள் கடந்தால் அந்த ஆபத்து கூடுகிறது. மலச்சிக்கல் என்று நினைத்துப் பேதி மாத்திரையோ எனிமாவோ கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். எனக்கு மிகவும் பயம் தருவது இன்னொன்று: வெடித்த கையோடு வலி சட்டென்று குறையலாம். வீடே நிம்மதியாகத் தூங்கப் போகும். சில மணி நேரத்தில் வயிறு முழுக்க வலி பரவி, வயிறு பலகைபோல் இறுகி, காய்ச்சல் ஏறும். கிளம்பிப் போய் அது வெறும் வாயு என்று தெரிந்தால் போவது ஒரு ராத்திரித் தூக்கம்தான். கூடிக்கொண்டே போகும் வலி என்றால், நான் சந்தேகமே இல்லாமல் கிளம்பச் சொல்வேன்.

சீக்கிரம் போனவருக்கு இன்னொரு தேர்வும் கிடைக்கலாம்: ஆபரேஷனா, ஆன்டிபயாடிக்கா என்று. சிக்கல் இல்லாத அழற்சிக்கு மருந்து மட்டும் கொடுத்துப் பார்ப்பதும் இப்போது ஏற்கப்பட்ட வழி. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 1,552 பேர் பங்கேற்றார்கள். மருந்து எடுத்தவர்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 3 பேர் 90 நாளுக்குள் ஆபரேஷனுக்கு வந்தார்கள். குடல்வாலுக்குள் கல் (கல்போல் இறுகிய மலம்) இருந்தவர்களில் அது 4 பேர். பின்லாந்தில் நடந்த இன்னோர் ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய 39 சதவீதம் பேருக்கு 5 ஆண்டுக்குள் அழற்சி திரும்பியிருந்தது. ஸ்கேனில் கல் தெரிந்தால் நான் ஆபரேஷன் பக்கம்தான். கல் இல்லை, திரும்ப வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர முடியும் என்றால், மருந்தைப் பற்றி மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆபரேஷன் என்றாலும், கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் சில சிறு துளைகள்தான், வீடு திரும்புவதும் சீக்கிரம். வெடித்த பிறகு போனால் இப்படி நிதானமாகத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது.

கிளம்பும்போது எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். வலி எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் தொடங்கியது, எப்போது இடம் மாறியது, என்ன மாத்திரை போட்டார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.